காய்ச்சல் விட்ட பிறகு

1

இந்தக் கதைக்கு விதை ஒரே ஒரு பேச்சு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், என் பின்சீட்டில் ஒருவன் போனில் சொன்னான்: “காய்ச்சல் விட்டுருச்சு. இனி பயமில்ல.” முகத்தைப் பார்ப்பதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

‘மூடாத டிரம்மில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டு...’

அடித்துவிட்டேன். சுகாதாரத்துறை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

‘யோகேஸ்வரி கண் விழித்தபோது உலகமே...’

உலகம் எதற்கு? அவள் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் நிற்பவள். விழித்தால் ஷிப்டுதான் ஞாபகம் வரும்.

இதை வைத்துக்கொள்கிறேன்: யோகேஸ்வரிக்குக் காய்ச்சல் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்தியது, எலும்பெல்லாம் நொறுங்கியது. உடம்பில் சிவப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் பார்த்தாள்.

“ஏட்டி, இது அம்மை. ஊசி கீசி போட்டுறாத, ஆத்தாவுக்கு ஆகாது.”

வாசலில் வேப்பிலை செருகினார்கள். காய்ச்சல் இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அது அம்மை இல்லை. டெங்கு.

3

கணவன் ஐயாதுரையை முதலில் குடிகாரனாக எழுதினேன். வசதியாக இருந்தது, பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நாம் தூங்கப் போகலாம். [நீக்கு.] அவன் துணி மூட்டை தூக்குகிறவன். அவள் படுத்ததிலிருந்து கஞ்சி காய்ச்சி ஊட்டியவன். இத்தனை பிரியமுள்ளவன்தான் அவளைச் சாவுக்குப் பக்கத்தில் கூட்டிப்போகிறான். எனக்குப் பயமே அதுதான்.

4

(இதை வேகமாகத் தாண்டாதீர்கள்.)

டெங்கு முற்றுகிற உடம்பில், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ரத்தக்குழாயின் சுவர் நெருக்கி நெய்த துணி என்று வையுங்கள். அது இழை விலகி யோகேஸ்வரி நெய்யும் பேண்டேஜ் துணியாகிவிடும். ரத்தத்தின் நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படும். வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து ஈறில் ரத்தம் கசியும். ஓடுவதற்கு ரத்தம் போதாமல், உடம்பு கைகால்களைக் கைவிட்டு இதயத்தையும் மூளையையும் காக்கப் பார்க்கும். கை சில்லிடும். சிறுநீர் வற்றும். நாடி நூலாகும்.

ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். பேசுவாள். பேசுகிறாளே என்று எல்லோரும் நம்புவார்கள்.

5

பேருந்து. ஆத்தா இறங்கியதற்கு நன்றி சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள்.

“என்னங்க, வயிறு ரொம்ப வலிக்கு.”

“பட்டினி கெடந்த வயிறுட்டி. சாமி கும்பிட்டுட்டு, பொறவு புரோட்டா வாங்கித் தாரேன்.”

“அம்மை எறங்குனவளுக்குப் புரோட்டாவா! ஆத்தா மொதல்ல ஒங்களத்தான் அடிப்பா.”

அவன் சிரித்தான். அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

“எம்புட்டுக் குளிர்ச்சியா இருக்கு! சூடு பொட்டுக்கூட இல்ல.”

சந்தோஷத்தில் குருவம்மாளுக்குப் போன் போட்டான். “காய்ச்சல் விட்டுருச்சு. இனி பயமில்ல.”

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். சிவப்பாக ஒட்டியது. பல் விளக்கும்போது கீறியிருக்கும் என்று அதை மடித்துக்கொண்டாள்.

6

ஒரு முடிவில் கண்டக்டர் கவனித்துவிடுகிறார். ஆஸ்பத்திரி, குளுக்கோஸ், பிழைக்கிறாள். ஆனால் கண்டக்டர் கூட்டத்துக்குள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே கவனிக்க?

இன்னொரு முடிவில் கோயில் படியேறும்போது அவள் கால்...

கை ஓடவில்லை. விட்டுவிட்டேன்.

பேருந்து ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. இறங்கியதும் ஆட்டோ பிடிப்பார்கள். கோயிலுக்கா, அரசு ஆஸ்பத்திரிக்கா? எனக்குத் தெரியாது, நான் முன்பே இறங்கிவிட்டேன். நீங்கள் இன்னும் பேருந்தில்தான் இருக்கிறீர்கள். அவர்கள் உங்கள் பின்சீட்டில்.

“என்னங்க, செத்த தண்ணி தாங்க,” என்கிறாள்.

திரும்பிப் பாருங்கள்.