கனகராஜ் விசிறி

1978இல் அமெரிக்காவில் மூன்று வாரம் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, கடலுக்கு அடியில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றே நடந்துகொண்டேன். எண்ணெய் தேடும் எங்கள் அலுவலகம் நந்தனத்தில் இருந்தது. சோழமண்டலக் கரைக்கு அப்பால், ஆழக்கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்க வாய்ப்புண்டா என்று ஆராய்ந்து எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கினேன்.

கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஓசை எழுப்புவார்கள். அது அடியிலுள்ள ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து நீளமான தாளில் கோடு கோடாகப் பதிவாகும். எந்தக் கோடு எதன்மேல் சாய்ந்து முடிகிறது என்று பார்த்தால், ஆதியில் கடல் எப்போது ஏறியது, ஆறு எங்கே மணலைக் கொட்டியது என்று படிக்கலாம். மணல் இருந்தால் எண்ணெய் தங்க இடமிருக்கும். இதுதான் நான் கற்று வந்த புது வித்தை.

முதல் தாளிலேயே கண்டுவிட்டேன். ஆழத்தில் விசிறிபோல் புடைத்த அழகான மேடு; ஆறு கொட்டிய மணலேதான் என்று முடிவுகட்டினேன். மஞ்சள் பென்சிலால் தீட்டி, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'கனகராஜ் விசிறி' என்று என் பெயரையே வைத்தேன். மந்தைவெளியில் பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு எப்போது தீரும் என்று கேட்டதற்கு, "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று மந்திரி மாதிரி சொன்னேன்.

என் பென்சில் கோடுகளை மையில் பிரதி எடுப்பவர் வஜீஹா. ராயப்பேட்டையிலிருந்து வருவார். மேலதிகாரிகளுக்கு நான் விளக்கவேண்டிய கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கையில் அளவெடுக்கும் டிவைடரோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், மேட்டோட உச்சிக்கு நேரா கடல்தரை ஒண்ணு புள்ளி ரெண்டு செகண்டுல கீது. உங்க மேடு ரெண்டு புள்ளி நாலு. அந்தாண்ட ஓரத்துல தரை ஒண்ணரை, மேடு மூணு. எங்க அளந்தாலும் கரெக்டா ரெண்டு மடங்கு வருது."

"தற்செயலா இருக்கும். நீங்க கோட்டை மட்டும் போடுங்கம்மா" என்றேன்.

அவர் டிவைடரை மடக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

கூட்டத்தில் தாளைச் சுவரில் மாட்டினேன். மேலதிகாரி அய்யாதுரை, திருநெல்வேலிக்காரர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. குச்சியால் மேட்டைத் தொட்டுவிட்டு மேலே நகர்த்தினால், கடல்தரையிலும் அதே இடத்தில் அதே புடைப்பு. ஓசை தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு தடவை போய் வந்திருக்கிறது. நான் பெயர் வைத்தது ஓர் எதிரொலிக்கு. மனசுக்குத் தெரிந்த பிறகும் வாய் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டே இருந்தது.

"அப்போ இங்க மணல் இருக்குன்னு எழுதிரலாமா வே?" என்றார் அய்யாதுரை.

"வேண்டாம் சார். இது கடல்தரையோட எதிரொலி."

"எப்போ தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. "வஜீஹா முந்தாநாளே சொன்னாங்க. நான்தான் கேக்கலை."

யாரோ இருமினார்கள். அய்யாதுரை வஜீஹாவை வரச்சொல்லி, "இதுல வேற ஏதாவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவர் தாளின் கிழக்கு ஓரத்தைக் காட்டினார். "இங்க கோடுங்க ஒண்ணொண்ணா சரிவுல போய் முட்டிக்கினு நிக்குது சார். மேல கடல்தரைல இந்த மாதிரி ஒண்ணும் இல்ல, அதனால இது எதிரொலி இல்ல."

மணல் சேர்ந்த இடத்துக்கு அடையாளம் என்று அமெரிக்காவில் மூன்று வாரமும் எனக்குப் படம் போட்டுக் காட்டியது அதைத்தான். மஞ்சள் மேட்டின் மோகத்தில் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் நன்றியோடு போட்டிருந்தேன். அய்யாதுரை அதை அடித்துவிட்டு, முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். எனக்குக் கொஞ்சம் எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்தில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. கிழக்குச் சரிவில் வாய்ப்பு இருக்கலாம், அந்த ஆழத்தில் துளையிட இப்போது வசதியில்லை, அறிக்கையைப் பத்திரப்படுத்தவும்.

வஜீஹா அதை நிதானமாகப் படித்தார். "அப்போ நாம சொன்னது சரியா தப்பான்னு தெரியவே தெரியாதா சார்?"

"இப்போதைக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியணும் சார்" என்றார். முகம் வாடியிருந்தது.

நானும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது.