சாமி தலையில் ஈரக் கம்பளி

பொழுது சாய்கிற நேரத்தில் நிகேசோ கணவனின் கம்பளி மேலாடையை அலசிப் பிழிந்து, வாசலில் கல்தூணாக நின்ற ஹெர்மஸ் சாமியின் தலைமேல் உலரப் போட்டாள். முற்றத்தில் வெயில் தங்காது. ஏதென்ஸ் பெண்களில் பாதிப் பேர் செய்கிற காரியந்தான்.

விடிந்ததும் வந்து துணியை எடுத்தாள். அப்புறந்தான் தெருவைப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் கல்சாமிகளின் முகத்தை இரவோடிரவாக யாரோ சிதைத்திருந்தார்கள். இவள் வாசலில் மட்டும் மூக்கு மூக்காகவே இருந்தது.

எதிர்வீட்டு மிக்கியோன் அவள் கணவன் திமாந்தெஸை வம்புக்கு இழுத்தான்.

"என்னப்பா, உன் சாமிக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல? உடைச்சவன் உனக்குச் சம்பந்தியா?"

"எனக்கென்னய்யா தெரியும்? தூங்கிட்டிருந்தேன்."

"எல்லாருந்தான் தூங்கினோம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. படை சிசிலிக்குக் கப்பலேறும் சமயம். இது அபசகுனம், மக்களாட்சியைக் கவிழ்க்கச் சதி என்று சந்தை முழுக்கப் பேச்சு. ரொட்டிக்காரி நிகேசோவைக் கண்டதும் கூடையை மூடினாள்.

நிகேசோவுக்கு விஷயம் பிடிபட்டது. துணி மூடியிருந்ததால் இருட்டில் சாமி உடைத்தவர்கள் கண்ணில் படவில்லை.

"வாயத் தொறந்துடாத," என்றான் திமாந்தெஸ். "சாமி தலையில துணி காயப்போட்டேன்னு சொன்னா தெய்வக் குத்தம்னு உன்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க."

"பாதி ஊரு போடுதேங்க."

"இன்னைக்கு எவளாவது ஒத்துக்குவாளா, போய்க் கேளு."

யாரோ திமாந்தெஸின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. காவலர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். வழக்கு மன்றத்தில் பெண்கள் பேச முடியாது. அவளுக்காகப் பேச அப்பனோ உடன்பிறந்தவனோ உயிரோடு இல்லை. மிக்கியோனின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, அன்னைக்குச் சாயங்காலம் சாமிமேல துணி கிடந்ததை நீங்க பாத்தீங்கல்ல? அதை மட்டும் சொல்லுங்க."

"பாத்தேன்தாம்மா." குரலைத் தாழ்த்தினான். "சொன்னா குத்தம் சாட்டறவன் அடுத்து என்ன கேப்பான்? உன் பொண்டாட்டி எங்கய்யா காயப்போடறான்னு கேப்பான்."

உள்ளே யாரோ பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஊரார் கூடி மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். திமாந்தெஸ் சிறையில் அவர்கள் கொடுத்த நஞ்சை அருந்திச் செத்தான். பிறகு வேறு பெயர்கள் வந்தன, வேறு கதவுகள் தட்டப்பட்டன. நிகேசோ யார் வீட்டுக்கும் போவதில்லை.

குன்றின்மேல் சபை கூடும் காலைகளில் கட்டியக்காரன் கூவுவது இப்போதும் அவள் முற்றம்வரை வந்து விழுகிறது: "பேச விரும்புகிறவர் யார்?"