அணைத்தால் மட்டும் எரியும் விளக்கு

1

இந்தக் கதை ஒரு லேப்டாப் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் பிறந்தது. கதை பிறக்க எத்தனையோ நல்ல இடங்கள் இருக்கின்றன. என் ராசி இப்படி. அந்த லேப்டாப்பின் பக்கவாட்டில் விரல்நகம் அளவுக்கு ஒரு விசை. அதை முன்னால் தள்ளிப் பிடித்தால், பக்கத்தில் வைஃபை இருந்தால் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரியும். இல்லையென்றால் எரியாது. நான்கு மாதமாக ஒரு மனிதர் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், எரியவில்லை. சிரிக்காதீர்கள்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதினேன்.

'கூபர் பீடியில் நாற்பத்தாறு டிகிரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம்…' (ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஊர் இது, இங்கே என்றைக்குக் கொளுத்தவில்லை? அடித்தேன்.)

'தனாசிஸ் ஒரு கிழட்டுக் கிரேக்கர், மகா பிடிவாதக்காரர், அவரால்தான்…' (அவரால்தான் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? அடித்தேன்.)

'கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே அந்தூலா செத்துப்போனாள்.'

இதை அடிக்கக் கை வரவில்லை. இருக்கட்டும்.

2

தனாசிஸ் நாற்பது வருடம் ஓபல் ரத்தினக்கல் தோண்டியவர். எங்கள் எல்லோருடைய வீட்டையும் போல அவர் வீடும் மலைக்குள் குடைந்தது. அந்தூலா அவர் மனைவி. மெல்போர்னில் இருக்கும் ஒரே மகள் வாசோ அப்பாவோடு பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அவள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அந்தூலா காலை முழுக்க உட்கார்ந்து மகளுக்கு ஒரு கடிதம் தட்டினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். நெட் இல்லை. திரையில் வட்டம் சுற்றியது, 'இணைப்பு வந்ததும் போகும்' என்றது. மறுநாள் மூச்சுத் திணறல். விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. இடையில் வாசோவிடம் போனில், "எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன், படி" என்று சொல்லியிருக்கிறாள்.

கல்லறைத் தோட்டத்தில் வாசோ அப்பாவிடம் வந்தாள்.

"அம்மா அனுப்பிட்டேன்னு சொன்னா. எனக்கு வரல. நீதானே நிறுத்துன?"

"நானா? எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாதேம்மா."

"மூடத் தெரியும்ல?"

அதற்குப் பிறகு தனாசிஸ் அந்த லேப்டாப்பை மூடவே இல்லை. சாப்பாட்டு மேசையில் அந்தூலா விட்டுப்போன இடத்திலேயே, அவள் போட்டுவிட்டது போட்டபடி இருந்தது. திரை தானாகப் பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

3

"தம்பி, பல்பு செத்துப்போச்சோ?" என்று கேட்டார் ஒருநாள். பக்கத்துவீட்டுக்காரன் நான்தான். (பெயர் எதற்கு? 'எழுத்தாளன்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள்.)

"பல்பு அவ்ளோ சீக்கிரம் சாகாதுண்ணே."

"அப்ப மலைதான் மறைக்குது."

பேட்டரி ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காததால் மின்கம்பியோடேதான் அதைத் தூக்க வேண்டும். நீட்டுக் கம்பிகளை ஒன்றோடொன்று கோர்த்து, தொப்பி போட்டுக்கொண்டு, உச்சிவெயிலில் அதை மலைமேல் ஏற்றினார். விசையைத் தள்ளினார். எரியவில்லை.

"சரி, கொடஞ்சிர வேண்டியதுதான்" என்றார். எங்கள் ஊர்ப் புத்தியே அது. அலமாரி வேண்டுமா, குடை. பிள்ளை பிறந்ததா, இன்னொரு அறை குடை. மூன்று வாரம் அவர் சமையலறைச் சுவரில் துளைபோட்டார். முடிவில் என் உக்கிராண அறையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.*

ஓட்டையில் லேப்டாப்பை ஒட்டிவைத்து விசையைத் தள்ளினார். அப்போதும் எரியவில்லை.

* விழுந்த கல்லில் ஓபல் மின்னியது. நான் காட்டினேன். அவர் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போனார். அதைப் பார்த்தும் குனியாத மனிதரை இந்த ஊரில் நான் வேறு கண்டதில்லை.

4

இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தூலா பயன்படுத்தியது என் வைஃபை; அவர் என் வீட்டுப் பக்கமாகத் துளைத்ததும் அதனால்தான்.

இரண்டு வருடம். பதிலுக்கு வெள்ளிதோறும் ஒரு தட்டில் கீரை வைத்துச் சுட்ட கிரேக்கப் பலகாரம் வரும். பிப்ரவரியில் எனக்கு நெட் மெதுவாக வந்தது. எரிச்சலில் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினேன். அன்று பகல் கதவைத் தட்டினாள்.

"நெட் வரலியே தம்பி, ஒரு முக்கியமான கடுதாசி."

"எனக்கும் வரலக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். பழைய கடவுச்சொல்லைத் திரும்பப் போட இரண்டு நிமிடம் ஆகும். கடிதம் தானாகப் போயிருக்கும். எனக்கு நான்கு மாதம் இருந்தது. போட்டால், ஏன் இன்றைக்குப் போயிற்று, அன்றைக்கு ஏன் போகவில்லை என்று அவர் கேட்பாரே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். நான் கேவலமானவன். இதைக் கதாபாத்திரத்தின் தலையில் கட்ட முயன்றேன், முடியவில்லை.

5

ஜூன் மாதம் அவர் கையேட்டோடு வந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"பதினேழாம் பக்கத்துல பல்பு படம் போட்ருக்கு பாரு. என்ன எழுதியிருக்கு, படி."

லேப்டாப் அணைந்திருக்கும்போது மட்டுமே இந்த விளக்கு வேலை செய்யும் என்று எழுதியிருந்தது.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) வாய்க்கு வந்ததைப் படித்து அனுப்பிவிடுகிறேன்.

(ஆ) 'இருங்கண்ணே' என்று உள்ளே ஓடிப் பழைய கடவுச்சொல்லைப் போடுகிறேன். கடிதம் போகிறது. நான் அவர் காலில் விழுகிறேன், அவர் என்னை… (ஒன்பது பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. நடக்கவில்லை.)

(இ) நடந்தது.

"அணைச்சாத்தான் எரியும்னு போட்ருக்குண்ணே."

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கும் சேமிக்காமல் திறந்த பக்கத்திலேயே நிற்கும் அந்தக் கடிதம், அணைத்தால் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அது கையேட்டில் இல்லை. நானும் சொல்லவில்லை.

கூடவே போனேன். அவர் அணைத்தார், ஓட்டையருகே கொண்டுபோய் விசையைத் தள்ளினார். பச்சை. என் வைஃபையைக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. உள்ளே விட வேண்டியவன் நான்.

"அந்தூலா! எரியுது பாரு!" என்று கத்தினார். என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். பிறகு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மகளுக்குப் போன் போட்டார்.

"உங்கம்மா கடுதாசி வருதும்மா. பச்ச எரியுது."

அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கே கேட்டது. "சரிப்பா, காத்திருக்கேன்" என்றாள்.

6

ஒன்பது நாள் ஆகிறது. லேப்டாப்பில் இப்போதும் கடவுச்சொல் கேட்கும் திரை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அணைத்துப் பச்சையைப் பார்த்துவிட்டு மறுபடி போடுகிறார். சாயங்காலம் வாசோ கூப்பிடுகிறாள். இன்னும் வரவில்லையாம், பரவாயில்லையாம், அப்பா சாப்பிட்டாயா என்கிறாளாம். உண்மையைச் சொன்னால் கடிதம் இல்லை, இந்தப் போனும் இருக்காது. சொல்லாவிட்டால் எத்தனை நாளைக்கு வரும்?

எனக்கு முடிவு எழுதத் தெரியவில்லை. உக்கிராண அறையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவர் வாயை வைத்துக் கேட்கிறார். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

"தம்பி… இந்நேரம் போயிருக்கும்ல?"