கேப்பை முளைக்காத குடில்

கிறிஸ்துமஸ் குடிலில் சாக்கடையைக் கொண்டுவந்து வைப்பாளா ஒருத்தி? நான்சி டீச்சர் வைத்தாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு வருகிற வாண்டுகளைக் கூட்டிவைத்துக்கொண்டு.

தொண்ணூற்றேழாம் வருஷம். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற ரோட்டை ஒட்டிய ஊர். மேற்கே ராயப்பராஜின் தோல் ஷாப்பு, தோல் பதனிடுகிற இடம். தோல் ஊறவைத்த கழிவு வாய்க்காலில் இறங்கி, கிணறெல்லாம் உப்புக் கரித்து, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. குடிதண்ணீருக்குப் பொம்பளைகள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். கேட்டால் ராயப்பராஜ், “நம்ம ஷாப்புத் தண்ணி ஒரு சொட்டு வெளிய வாரதில்லையேப்பா” என்று சத்தியம் பண்ணுவார். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த மனுஷன். பாதி ஊருக்கு அவரிடம்தான் வேலை. யாருக்கு எதிர்த்துப் பேச வாய் வரும்?

நான்சிக்கு மட்டும் ஆறவில்லை. பெரியவர்கள் வாயைத் திறக்காவிட்டால் போகட்டும், பிள்ளைகளின் கையாவது பேசட்டும் என்று கிளம்பினாள். பச்சைப் பிள்ளைகள் செய்துவைத்ததைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் பொய் சொல்ல நா கூசும் என்று மனதார நம்பினாள். குடில் போட்டிக்குப் பரிசு கொடுக்க வருகிறவரே ராயப்பராஜ்தான். அவர் வந்து நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், மறுநாளே கழிவை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

குடிலுக்குப் புல்லாக வைக்கத் தட்டில் கேப்பையைத் தூவி முளைக்க விடுவது அந்த ஊர் வழக்கம். இந்தத் தடவை பாதித் தட்டுகளுக்கு அடுத்த ஊர்த் தண்ணீர், பாதிக்கு வாய்க்கால் தண்ணீர். நல்ல தண்ணீர்த் தட்டுகள் பச்சைப்பசேலென்று கிளம்பின. வாய்க்கால் தண்ணீர்த் தட்டுகளில் பேருக்கு ஒரு முளை இல்லை.

“டீச்சர், இது செத்துப்போச்சா?” என்றான் ரொனால்டு.

“ஆமாடா. செத்ததையும் அப்படியே வைப்போம்.”

பிறகு குடிலுக்குள் கறுப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு வாய்க்காலும் வெட்டவைத்தாள். களிமண்ணைக் கொடுத்து, “உங்க வீட்டு ஆளுகளைச் செய்யுங்க. பாத்ததை மட்டும் செய்யணும், பொய்யா ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அடடா, என்ன கை அந்தப் பிள்ளைகளுக்கு! இடுப்பொடிந்து குடம் தூக்கும் அம்மா, முதுகைச் சொறியும் சித்தப்பா. இரண்டாம் வகுப்பு ரூபி தன் அப்பா மிக்கேல்ராஜை மம்பட்டியும் கையுமாகச் செய்து வாய்க்கால் கரையில் நிறுத்தினாள். வாய்க்கால் ஓரம் மம்பட்டியோடு ஒருத்தன் நின்றால் அந்தப் பக்கத்தில் யாரும் என்ன நினைப்பார்கள்? தண்ணி பாய்ச்சுகிறான் என்றுதான். நான்சியும் அதையே நினைத்தாள். மிக்கேல்ராஜுக்கு ஒரு குழி நிலம் கிடையாது, ஷாப்புத் தொட்டியில் வேலை பார்க்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரம் உறைக்கவில்லை. பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திருநாளன்று பூசை முடிந்து ராயப்பராஜ் வந்தார். சாமியாரும் ஊராரும் சுற்றி நின்றார்கள். மொட்டைத் தட்டுகளைப் பார்த்தார், கறுப்பு வாய்க்காலைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. குனிந்து கேட்டார்: “இந்த மம்பட்டிக்காரர் யாரு பாப்பா?”

“எங்கப்பா!” ரூபிக்குப் பெருமை தாங்கவில்லை. “மழை பேஞ்சா எங்கப்பாதான் ஷாப்பு மடையத் தொறந்து தொட்டித் தண்ணிய வாய்க்கால்ல விடுவாரு. நான் சோறு கொண்டுபோகயில பாத்தேன்.”

 அந்த மம்பட்டி எதற்கென்று நான்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்படியா சங்கதி!” ராயப்பராஜ் நிமிர்ந்து ஊரைப் பார்த்தார். “பாத்தீங்களா சாமி, எனக்கே தெரியாம என் ஷாப்புல ஒருத்தன் செஞ்ச வேலையை? புள்ள வாயில உண்மை வந்திருச்சு.” ரூபியின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். முதல் பரிசு அந்தக் குடிலுக்கே கொடுத்தார், ஒரு பெரிய எவர்சில்வர் குடம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மறுநாள் மிக்கேல்ராஜை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டதா சனியன்? இத்தனை நாள் முதலாளியிடம் பேச வாய் வராத ஊருக்கு இப்போது வாய் வந்துவிட்டது. “ஊர்க் கிணத்தையெல்லாம் கெடுத்தது நீதானாடா!” என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். “மொதலாளி சொல்லாம அவரு எப்படித் தொறப்பாரு?” என்று நான்சி கத்திப் பார்த்தாள். “சொன்னதை நீ கேட்டியா?” என்று திருப்பிக் கேட்டார்கள்.  ஷாப்புத் தண்ணீர் எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது. மடையைத் திறக்க வேறு ஆள் போட்டாயிற்று.

நான்சி ரூபியின் வீட்டுக்குப் போய் நின்றாள். மிக்கேல்ராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி செபஸ்தியம்மாள்தான் பேசினாள். “வேற எந்த ஷாப்புலயும் சேக்க மாட்டேங்குறாங்க டீச்சர். இவரு அந்தப் புள்ளைய ஒரு சொல்லு சொல்லல. நான்தான் அடிச்சுட்டேன். எதுக்கு அடிக்கிறேன்னு அதுக்குத் தெரியல. நீங்க போயிட்டு வாங்க.”

பொங்கல் கழிந்து மறைக்கல்வி வகுப்பு மறுபடி கூடியது. ரூபியும் வந்தாள். குடில் வேலையெல்லாம் இனி வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டதால், பேப்பரையும் கலர் பென்சிலையும் கொடுத்து, “நம்ம ஊரை வரைங்க” என்று மட்டும் சொன்னாள் நான்சி. ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டு வந்து ரூபியின் பக்கத்தில் நின்றாள்.

பளிச்சென்ற நீலத்தில் வாய்க்கால். அதில் மீன். கரையில் இரண்டு கொக்கு. மனுஷர் ஒருத்தரும் இல்லை.

“ரூபி, நம்ம வாய்க்கா இப்படியாம்மா இருக்கு?”

பிள்ளை தலையைத் தூக்கி அவளை நேருக்கு நேர் பார்த்தது. “ஆமா டீச்சர். இப்படித்தான் இருக்கு.”

பக்கத்தில் ரொனால்டு அதைக் கேட்டான். தன் படத்தில் அடித்துக்கொண்டிருந்த கறுப்பை நிறுத்திவிட்டு, “ரூபி, அந்த நீலத்தைக் குடு” என்று கை நீட்டினான். அவன் அப்பாவும் ஷாப்பில்தான் வேலை.

இல்லை கண்ணுகளா, கறுப்புத்தான் என்று சொல்ல வேண்டியவள் நான்சி. வாய் வரைக்கும் வந்தது. வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். எந்தெந்தப் பிள்ளையின் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

“நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.