பால்கனியில் இருந்த அடுப்பு

மின்தூக்கி எட்டாவது மாடியை எட்டுவதற்குள் வெலினா இரண்டு முறை முடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நாம வீட்டைப் பார்க்கப் போறோமா, இல்ல வீடு நம்மளப் பொண்ணு பார்க்கப் போகுதா?" என்றான் அவள் கணவன் தெயான்.

"நீ டேப்பை எடுத்துட்டு வந்தியா, அதைச் சொல்லு."

ப்ளோவ்டிவ் நகரில் கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். போன வாரம் இந்த ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வெலினா மனதுக்குள் இஷ்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் சரி என்றால் கடன் கிடைக்கும், வீடு இவர்களுக்கு. இல்லையென்றால், முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், தலைநகர் சோஃபியாவைச் சேர்ந்த ஒருவருக்கு. வீட்டை விற்கும் ராச்சோ அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; மனைவி இறந்த பிறகு வர்னா நகரில் இருக்கும் மகளிடம் போய்விட முடிவெடுத்திருந்தார்.

"ஷூவைக் கழட்டாம வா, பொண்ணு. இன்னும் பெருக்கல," என்று கதவைத் திறந்தார்.

வெலினா சோபாவுக்கு இடம் அளந்துகொண்டிருந்தபோது தரகர் போனில் கூப்பிட்டார். பேசி முடித்தவள் அளப்பதை விட்டுவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் தெயான்.

"சமையலறை எங்க இருக்குன்னு கேட்டார். பால்கனியிலன்னு சொன்னேன். அப்ப வங்கி ஒத்துக்காதாம். கட்டட வரைபடத்துல எது சமையலறையோ அங்கதான் அடுப்பு இருக்கணுமாம்."

அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து அடுப்பையும் சிங்க்கையும் அங்கே தள்ளிவிட்டால், சமையலறை ஒரு படுக்கையறை ஆகிவிடும். வெலினா வளர்ந்ததும் அப்படியொரு வீட்டில்தான். அதனாலேயே அவள் கண்ணுக்கு அது தப்பாகப் படவில்லை.

"மாமா, அடுப்பைப் பழைய இடத்துக்கே மாத்திடலாமா? இன்னிக்கே?"

ராச்சோ பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். "இந்தக் கண்ணாடி, இந்தக் குழாய், எல்லாம் என் கையால போட்டது. இங்க நின்னு குடைமிளகாய் சுட்டா வாசனை தெருமுனை வரைக்கும் போகும். சோஃபியாக்காரர் எதையும் மாத்தச் சொல்லலையே."

தெயான் டேப்பைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டான். வெலினாவுக்கு அழுகை வரும் போலிருந்தது, வந்ததோ கோபம்.

"மாமா, எங்கப்பாவும் இதே மாதிரிதான் செஞ்சார். ஜனவரியில எங்கம்மா கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டுதான் சூப் வைப்பாங்க. அவர் மட்டும் உள்ள ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, 'இன்னும் ஆகலையா?'ன்னு கேப்பார். வாசனை தெருவுக்கு, குளிர் எங்கம்மாவுக்கு!"

ராச்சோ பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் விரலால் எதையோ சுரண்டினார்.

"எங்க வீட்டம்மா பென்கா கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்குவா," என்றார் கடைசியில். "மகதான் கல்யாணம் ஆகிப் போயிட்டாளே, அடுப்பை உள்ள மாத்துங்கன்னு ஒவ்வொரு குளிர்காலமும் சொன்னா. வசந்தம் வரட்டும்னேன். வசந்தம் வந்தா அவளே மறந்துடுவா." சுரண்டிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பொண்டாட்டி சொல்லிக் கேக்காதவன் இப்ப வங்கி சொன்னா கேக்கணுமா?"

"வங்கிக்காக வேண்டாம் மாமா," என்றாள் வெலினா.

ராச்சோ கதவை விட்டு நகர்ந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, சும்மா நிக்காதே. அந்தப் பக்கம் பிடி."

மகளின் அறையாகிவிட்ட பழைய சமையலறையில் அவள் அலமாரியை நகர்த்தினால், பின்னால் குழாயின் வாய் மூடியோடு அப்படியே இருந்தது. தெயான் முதலில் திருகியபோது தண்ணீர் அவன் முகத்தில்தான் அடித்தது. வெலினா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டுவதற்குள் சிங்க் பழைய இடத்துக்கு வந்தது, அடுப்பும் அங்கேயே சூடேறியது. ராச்சோ அதில் மூன்று குடைமிளகாய் வாட்டி, ரொட்டியும் வெள்ளைச் சீஸும் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் வந்த மதிப்பீட்டாளர் ஓர் அம்மாள். சமையலறையை அளந்தார், படமெடுத்தார். பால்கனிக்குப் போய், சுவரில் புகை படிந்திருந்த இடத்தின் முன்னால் நின்றார்.

"இங்க என்ன வைக்கப் போறீங்க?"

"ரெண்டு நாற்காலி," என்றாள் வெலினா. அது பொய்யில்லை. நேற்றே முடிவு செய்தது.

"எங்க வீட்டுப் பால்கனியில இன்னும் அடுப்புதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட யார் பேசறது?" அந்த அம்மாள் பையை மூடினார். "எல்லாம் சரியா இருக்கு. அப்படியே எழுதிடறேன்."

மின்தூக்கி அவரோடு கீழே இறங்கியதுதான் தாமதம், வெலினா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

வீட்டு விற்பனைக்கான முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மூவரும் கிளம்பினார்கள். ராச்சோ டை கட்டிக்கொண்டு, கையில் செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றார். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் காலடியில் தண்ணீர் ஊற்றினால் காரியம் தடையில்லாமல் ஓடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; ஊற்றாமல் அனுப்புவாரா? தாராளமாகவே ஊற்றினார்.

"மாமா, வழுக்குது!" என்று தெயான் சுவரைப் பிடித்தான். "இதை யார் தொடைக்கிறது?"

"என்னை ஏன் கேக்கறே?" என்றார் ராச்சோ. "உங்க வீடு, நீங்க தொடைங்க."