தனி அலமாரியைக் கலைத்த கதை

1

இந்தக் கதை நானாக எழுதியதல்ல, என்னை எழுத வைத்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன், சொல்லிவிடுகிறேன். என் மனைவி கல்லூரியில் நூலக அறிவியல் துறைத் தலைவி. எங்கள் வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் எண் உண்டு. இடம் மாற்றி வைத்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கேட்காமலே காபி கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

சேர்க்கை நாளன்று வருகிற பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்ட ஒரு கதை வேண்டுமாம். அவள் துறையில் சிறுபான்மை மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் வருடா வருடம் காலியாகவே கிடந்தன. போன வருடம்தான் மூன்று பேர் சேர்ந்தார்கள். இந்த வருடம் எல்லா இடமும் நிரம்ப வேண்டும்.

"கதையைக் கேட்டுட்டு ஒரு அம்மாவாவது பொண்ணை அனுப்பணும். நீங்க பாட்டுக்கு யாரையாவது சாகடிச்சு வைக்காதீங்க" என்றாள்.

(எந்தச் சிறுபான்மை என்று கேட்கிறீர்களா? வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். அதற்கு மேல் சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் யார் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்று பதில் வருகிறதோ, அவர்கள். இப்போது புரிந்திருக்கும்.)

2

தொடக்கம் ஒன்று: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஒழுகும் கூரையின் கீழே அந்தப் பெண் ஒரு கிழிந்த புத்தகத்தை மார்போடு அணைத்தபடி—

தொடக்கம் இரண்டு: அறியாமை இருளில் தவித்த ஒரு சமூகத்தின் முதல் விளக்காக—

இரண்டையும் மனைவி பென்சிலால் அடித்துவிட்டாள். (நூலகக்காரர்கள் தாளில் பேனாவை வைக்கமாட்டார்கள். திட்டுவதானாலும் அழிக்கக்கூடியபடிதான் திட்டுவார்கள்.) முதலாவதன் ஓரத்தில், "அந்த வீட்டுக் கூரை கான்கிரீட். ஒழுகாது" என்று எழுதியிருந்தாள். இரண்டாவதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஆகவே தொடக்கம் மூன்று, நடந்தது நடந்தபடி.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், தரையெல்லாம் வெட்டுத் துணி. போன வருடம், மகளைத் தன் துறையில் சேர்க்கச் சொல்லி என் மனைவி பேசுவதைத் தையல்கார அம்மா பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டே கேட்டார். அவருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. என்ன படிப்பு, எங்கே வேலை, என்ன சம்பளம் எல்லாவற்றையும் மகளே கேட்டு முடித்துவிட்டதால் அம்மாவுக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அங்க எங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை, உங்கள் மகளோடு சேர்த்து மூன்று பேர்தான் முதல் என்று மனைவி ஒப்புக்கொண்டாள்.

"முதல்ல நடக்கிறவங்க கால்லதாம்மா முள்ளு குத்தும்" என்றார் அவர். ஆனாலும் அனுப்பினார். தன் பேச்சுதான் காரணம் என்று மனைவி இன்றுவரை நம்புகிறாள். மகளுடைய நச்சரிப்பு தாங்காமல்தான் அனுப்பினாராம். அதை அவரே என்னிடம் சொன்னார்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். வாயாடி என்கிற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. வீட்டில் அடுத்தவருக்கு ஒரு சொல் மிச்சம் வைக்காதவள் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். எழுதினால் இரண்டு பெண்களை ஒட்டவைத்தது போல இருக்கிறது. முதல் தேர்வில் தோற்றாள். பிறகு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன்?

கண்ணீர் வழிய அவள் பாடப் புத்தகத்தை மூடி வைத்து—

இதை வாயாடியிடமே காட்டினேன். (கதாபாத்திரத்திடம் அனுமதி வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மனைவி கட்டாயப்படுத்தினாள்.) படித்துவிட்டு, "நான் அழல சார். கடுப்பா இருந்துச்சு. கடுப்புன்னே எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். கடுப்பு. அதற்குக் காரணம் ஓர் அலமாரி.

4

நூலகக்காரர்கள் ஒன்றை நேசித்தால் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள், இடம் ஒதுக்கினால் சீட்டு ஒட்டுவார்கள். வேறு யாருக்கும் வராத நோய் இது. என் மனைவி அந்த மூன்று பேருக்காக ஓடி ஓடி எல்லாம் சேர்த்தாள். பாடப் புத்தகங்களில் கூடுதல் படிகள், பழைய வினாத்தாள்கள், எளிய விளக்க நூல்கள், அவர்கள் மொழிக்கு ஓர் அகராதி. எல்லாவற்றையும் வாசிப்புக் கூடத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரே அலமாரியில் அடுக்கி, மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: சிறப்பு ஆதரவு பெறும் மாணவர்களுக்கு மட்டும்.

ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை. அலமாரி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இத்தனை செய்தும் தொடமாட்டேன் என்கிறார்களே என்று மனைவி வீட்டுக்கு வந்து புலம்பினாள். நானும் உச்சுக் கொட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சீட்டில் ஒரு தப்பும் தெரியவில்லை.

5

வாயாடி வருவதை நிறுத்தியதும் மனைவி மறுபடி அந்த மாடி ஏறினாள். அன்று நானும் போயிருந்தேன். ஒரு பெண்ணை வற்புறுத்தி அழைத்துப் போய் பாதியில் விட்டுவிட்டோமே என்கிற பயம் மனைவியின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இவள் நின்றால் மற்ற இருவரும் நிற்பார்கள், அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். இன்னும் புத்தகம் வேண்டுமா, தனி வகுப்பு வைக்கட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். வாயாடி பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த அலமாரிகிட்ட போனா மொத்த ஹாலும் திரும்பிப் பாக்குது மேடம். புத்தகத்துக்கு ஒட்டுற சீட்டை எங்க முதுகுல ஒட்டிட்டீங்க."

தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டார். மகளை அதட்டுவார் என்று நினைத்தேன், அதட்டவில்லை. அப்படியானால் என்ன செய்யட்டும் என்று மனைவி கேட்டாள்.

"கலைச்சுடுங்க. அதது இடத்துல வைங்க. தேடி எடுக்க எங்களுக்கும் தெரியும். அதைத்தானே சொல்லிக் குடுக்கறீங்க?" கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னாள். "அப்புறம், சாயங்காலம் சீக்கிரம் பூட்டாதீங்க. இங்க வேலையை முடிச்சுட்டு நான் வர்றதுக்குள்ள பூட்டிடறீங்க."

நானும் மனைவியும் படியிறங்கினோம். தெருமுனைக்கு வந்ததும், "அவ வகுப்புல பேசாம இருந்தது பேச்சு வராததால இல்லை" என்றாள்.

6

மறுநாள் அவளே வெந்நீரும் துணியும் கொண்டுபோய்ச் சீட்டைச் சுரண்டி எடுத்தாள். புத்தகங்களை உரிய அடுக்குகளில் சேர்ப்பதை மொத்த வகுப்புக்கும் அன்றைய செய்முறைப் பயிற்சியாக்கினாள். வாயாடி வந்தாள். நம்பி வரவில்லை, சரிபார்க்க வந்தாள். மாலை நேரத்தை நீட்ட நிர்வாகத்தோடு சண்டை போட்டதைத் தனிக் கதையாகவே எழுதலாம். (எழுதினேன். "மிகை" என்று ஓரத்தில் வந்தது. எடுத்துவிட்டேன்.)

அந்தப் பழைய வினாத்தாள்களை முதலில் இரவல் வாங்கியது யார் தெரியுமா? ஊரின் பெரிய புள்ளிகளின் பிள்ளைகள். எளிய விளக்க நூல்களுக்கு இப்போது காத்திருப்போர் வரிசை உண்டு. அந்த வரிசையில் வாயாடியும் நிற்கிறாள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் தேர்வில் தேறினாள். முதல் மதிப்பெண் என்று எழுதக் கை துறுதுறுத்தது. முதல் இல்லை, தேறினாள்.

7

முடிவு அ: எல்லா இடங்களும் நிரம்பின, கைதட்டல்—

முடிவு ஆ: வருடங்கள் கழித்து வாயாடி அதே துறையின்—

இரண்டையும் நானே அடித்துவிட்டேன். சேர்க்கை நாளன்று உண்மையில் நடந்தது வேறு. கூடம் நிறைய வாயாடியின் மொழி பேசும் பெற்றோர்கள், பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் பகுதி வரை எழுதிய தாள்களோடு நான் மேடைப் படியில் கால் வைத்தேன். வாயாடி என்னை முந்திக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க சார். நான் பேசிக்கறேன்."

அவர்கள் மொழியில் பேசினாள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை, மனைவிக்கும்தான். கூடம் குலுங்கிச் சிரித்தது. தையல்கார அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாரும் ஒருசேரத் திரும்பி என் மனைவியைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். என்ன ஏதென்று தெரியாமலே அவளும் சிரித்தாள். அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்து நாளாயிற்று. அப்புறம் வாயாடி குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். கூடம் அமைதியானது. கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து ஏதோ கேட்டார். வாயாடி ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அந்தப் பெண்மணி தன் மகளைக் கையைப் பிடித்து எழுப்பி, முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சொல் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "அது எங்களுக்குள்ள சார்" என்றாள்.

ஆகவே இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த மொழி தெரிந்திருந்தால், என்னைவிட நீங்கள்தான் இதை முடிக்கத் தகுந்தவர். கீழே இடம் விட்டிருக்கிறேன்.