கடிதம் வராத கடை

மூன்றாவது ஃப்ரீசரில் பனி ஏறிவிட்டது. பெலர்மீனா மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்புவரை உள்ளே குனிந்து, மரச்சட்டுவத்தால் பக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரும்புக் கரண்டியால் சுரண்டக் கூடாது, உள்ளே குழாய் ஓட்டையாகிவிடும். பனி தடித்தால் மோட்டார் நிற்காமல் ஓடும், மோட்டார் ஓடினால் மீட்டர் ஓடும். அதனால் வாரம் தவறாமல் சுரண்டுவாள். சுரண்டி எடுத்த பனியை வாளியில் கொட்டினாள். சூரை மீன் துண்டங்களும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தன.

பாஸ்டனுக்குத் தெற்கே, செருப்பு ஆலைகள் மூடிப்போன அந்த நகரத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலிலுள்ள கேப் வெர்டித் தீவுக்காரர்களுக்கு ஊர்மீன் வேண்டுமென்றால் பெலர்மீனா கடைக்குத்தான் வர வேண்டும். கடை கீழே, அவள் வீடு அதற்கு மேலே, அதற்கும் மேலே மூன்றாம் மாடியில் ஒந்தீனா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். வீட்டுச் சொந்தக்காரன் மலிவாகக் கட்டிய மரவீடு அது. குளிர்காலத்தில் சுவரோரம் பதித்த மின்சாரக் கம்பிதான் சூடு தர வேண்டும்.

கதவு மணி அடித்தது. ஒந்தீனா கையில் ஒரு கவரோடு நின்றாள்.

"அக்கா, நகராட்சியிலேருந்து வந்திருக்கு. கரண்டு பத்தி."

பெலர்மீனா ஃப்ரீசரிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணிமையில் பனித்தூள். "என்ன சொல்றான்?"

"ஊர்ல எல்லாருக்கும் சேத்து மொத்தமா கரண்டு வாங்கப் போறாங்களாம். மொத்தமா வாங்குனா விலை கொறையுமாம். நம்ம பேரையும் சேத்துட்டாங்களாம்."

"நீ சேரச் சொன்னியா?"

"இல்ல. வேண்டாம்னாதான் இந்தச் சீட்டுல டிக் போட்டு அனுப்பணுமாம். சும்மா இருந்தா சேந்துட்டதா அர்த்தமாம்."

பெலர்மீனா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை அது. "அடியே, கல்யாணத்துக்குக்கூட பாதிரியார் சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் மோதிரம் மாத்துறார். கேக்காமலே கையைப் புடிச்சு இழுக்குறவன் எவனாவது யோக்கியனா இருப்பானா?"

"நகராட்சி முத்திரை இருக்கே அக்கா."

"முத்திரை எவன் வேணா அடிக்கலாம். ஒண்ணு யோசி. நகராட்சின்னா எல்லாருக்கும்தானே அனுப்பணும்? எனக்கு ஏன் வரல? ரெண்டாவது தெரு பெதோரு கடைக்கு வந்திருக்கு, உனக்கு வந்திருக்கு, எனக்கு மட்டும் இல்ல. ஏன்? நான் ஏமாறமாட்டேன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்."

ஒந்தீனாவுக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது.

"அதோட, நகராட்சித் திட்டத்துல நான் எப்பவோ சேந்தாச்சு" என்று கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் கைகாட்டினாள் பெலர்மீனா. அவள் பிறந்த ஃபோகோ தீவின் எரிமலைப் படம். வருஷம் முடிந்தும் எடுக்காத காலண்டர். "அமாதேயு சேத்துவிட்டானே, மறந்துட்டியா?"

மறக்கக்கூடிய ஆளா அவன்! இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான். வாய் திறந்ததும் அவள் ஊரான சாவ் ஃபிலிப்பேயின் பேச்சு. மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு, "தோனா, உங்க சித்தப்பாவோட திராட்சைக் கொடியில கல்லெறிஞ்சு அடி வாங்கினவன் நான்" என்றான். அடுப்பில் கச்சுப்பா கொதித்துக்கொண்டிருந்தது. சோளமும் அவரையும் குழைந்து வரும் அந்த வாசனைக்கு அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே கரண்டு பில்லைக் கேட்டான். "நகரத்தோட திட்டம், உங்க பேரைச் சேக்கணும், அவ்வளவுதான்" என்றான். போனில் யாரையோ கூப்பிட்டு அவளிடம் நீட்டினான். "இங்கிலீஷ்ல கேப்பாங்க. எல்லாத்துக்கும் யெஸ் சொல்லுங்க தோனா." சொன்னாள். போகும்போது காலண்டரைக் கொடுத்து, கையை முத்தமிட்டுவிட்டுப் போனான்.

ஒந்தீனா அன்றே சீட்டில் வேண்டாம் என்று குறித்து, தபால்பெட்டியில் போட்டாள். பெதோருவும் போட்டான். தெருவில் இன்னும் யார் யாரோ போட்டார்கள். பெலர்மீனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அங்கே வழக்கம்.

ஜனவரியில் கடையின் பில் ஏறியது. பெலர்மீனா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஃப்ரீசர்கள் அதேதான், விளக்குகள் அதேதான், பனியையும் சுரண்டியாகிறது. பின்னே எங்கே போகிறது?

கடைக்கு நேர் மேலே அவள் கட்டில். அதற்கு மேலே ஒந்தீனாவின் அறை. அங்கே ராத்திரி சூட்டுக்கம்பி டக்டக்கென்று விரியும் சத்தம் கேட்கும். படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. பழைய வீடு, எந்தக் கம்பி எந்த மீட்டரில் போய்ச் சேருகிறதென்று எவன் கண்டான்? புருஷன் செத்த பிறகு ஒந்தீனாவால் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் எப்படி ராப்பகலாய்ச் சூடு போட முடியும்?

மறுநாள் நிலவறைக்கு இறங்கி, மீட்டர்களின் முன்னால் டார்ச்சோடு நின்றாள். ஒந்தீனா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத் தன் கடையின் மெயினை அணைத்தாள். ஃப்ரீசர்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. மாடியில் கம்பி அணைகிறதா என்று படியில் நின்று காது கொடுத்தாள். மேலே ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் ஒந்தீனா படியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கீழ கரண்டு போச்சா?"

"ஃபியூஸ்" என்றாள் பெலர்மீனா.

ஒந்தீனா அவள் முகத்தையும் டார்ச்சையும் பார்த்தாள். அதற்குப் பிறகு மீன் வாங்க வந்தால் உடனே போய்விடுவாள், முன்போல் நாற்காலியில் உட்காருவதில்லை.

பிப்ரவரி பில் இன்னும் கூட வந்தது. வீட்டு வாடகைக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினாள். ஈஸ்டருக்கு மீன் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் ஃப்ரீசரை அணைக்க நேர்ந்தால் பிறகு கடை என்று சொல்ல மிளகாய்ப்பொடியும் சோப்பும்தான் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோவில் கூடத்தில் காபிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருந்தது. நகராட்சி முத்திரை போட்ட துணி விரித்து, ஓர் இளவட்டம் உட்கார்ந்திருந்தான். பெயர் டெரிக் பரோஸ் என்றும், மின்சாரத் திட்டத்துக்காக நகராட்சி அனுப்பியவன் என்றும் பாதிரியார் சொன்னார். பெலர்மீனா காபிக் கோப்பையை வைத்துவிட்டு நேரே போனாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எந்தத் தீவு நீ?"

"நான்... இங்க பொறந்தது, தோனா. நீ... நீங்க, உக்காரு."

"தீவே இல்லாத பய. நீங்க எங்க வரும், நீ எங்க வரும்னுகூடத் தெரியல. இவன் நமக்குக் கரண்டு விக்கிறானாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நான் விக்கல. கம்பி, மீட்டர், பில்லு எல்லாம் பழைய கம்பெனிதான். கம்பில வர்ற கரண்டு, அதை யாருகிட்ட வாங்குறதுன்றது மட்டும் வேற. நீங்க தனியாப் போனா ஒரு வெலை சொல்வான். ஊரே சேந்து போனா வெலை எறங்கும். துறைமுகத்துல மீன் ஏலம் மாதிரி. வீட்டுக்கும் உண்டு, சின்னக் கடைக்கும் உண்டு."

"பில்லக் காட்டுன்னு கேப்பியே, அதையும் கேளு. காட்டமாட்டேன்."

"காட்டாதீங்க. யாருக்கும் காட்டாதீங்க. நாங்க கேக்கவே மாட்டோம்" என்றான் அவன். "லெட்டர் வந்துச்சா உங்களுக்கு?"

"வரல. வராது. நான் முன்னாடியே சேந்தவ."

"எப்போ?"

"ரெண்டு குளிர்காலம் முன்னாடி. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சேத்துவிட்டான். மரியாதை தெரிஞ்ச புள்ள."

டெரிக் பரோஸ் பேனாவை மேஜைமேல் வைத்தான்.

"தோனா, எங்க திட்டமே இந்த ஜனவரிலதான் ஆரம்பிச்சுது."

காபிப் பாத்திரத்தின் குழாயை யாரோ சரியாக மூடவில்லை. சொட்டுச் சொட்டென்று தட்டில் விழுந்தது.

"பழைய கம்பெனிகிட்டயே கரண்டு வாங்குறவங்களுக்குத்தான் லெட்டர் போச்சு" என்றான் அவன், இப்போது குரலைத் தாழ்த்தி. "ஏற்கெனவே வேற தனியார் கம்பெனிகிட்ட கையெழுத்துப் போட்டவங்களை நாங்க தொடக் கூடாது. சட்டம் அப்படி. உங்களுக்கு லெட்டர் வரலேன்னா... நீங்க அவங்கள்ல ஒருத்தர்."

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே."

"போன்ல யெஸ் சொன்னீங்களா?"

பெலர்மீனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒந்தீனாவின் குரல் வந்தது.

"தம்பி, நான் வேண்டாம்னு சீட்டு அனுப்பிட்டேன். திரும்பச் சேத்துப்பீங்களா?"

"சேத்துப்போம். ஆனா மொதல்ல சேந்தவங்க வெலை கெடைக்காது, இன்னைக்கு வெலைதான். அடுத்த மீட்டர் எடுத்த பிறகுதான் மாறும்." அவன் கூட்டத்தைப் பார்த்தான். "இந்தத் தெருவுலேருந்து வேண்டாம்னு நெறைய பேரு அனுப்பியிருக்காங்க. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல."

பெதோரு தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். பெலர்மீனாவைப் பார்க்காமல் வெளியே போனான்.

திங்கட்கிழமை கடையிலிருந்து, பில்லில் பெயர் போட்டிருந்த அந்தத் தனியார் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். இங்கிலீஷ் பேச ஒந்தீனா வந்தாள். பெலர்மீனா கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். போனில் வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் பேசினாள். இனிமையான குரல். முதல் வருஷம் சலுகை விலை, அது முடிந்ததும் மாறும் விலை, வேண்டாமென்று சொல்லாததால் ஒப்பந்தம் தானாக நீண்டுவிட்டது, அடுத்த குளிர்காலம் வரைக்கும். நடுவில் விலகினால் அபராதம்.

"சும்மா இருந்தா சேந்துட்டதா அர்த்தமாம் அக்கா" என்றாள் ஒந்தீனா, போனைக் கையால் மூடிக்கொண்டு.

"நான் சம்மதிக்கலன்னு சொல்லு."

சொன்னாள். பதிவு இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன் என்றாள் அந்தப் பெண். ஒந்தீனா போனைக் கல்லாமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

யாரோ ஒருத்தி இங்கிலீஷில் கேள்வி கேட்டாள். "யெஸ்" என்றது பெலர்மீனாவின் குரல். அடுத்த கேள்வி. "யெஸ்." விருந்தாளியை வைத்துக்கொண்டு பேசும் உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது. பின்னணியில் ஃப்ரீசரின் ரீங்காரம், கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். "யெஸ். யெஸ்." நடுவில் யாரோ சிரித்தார்கள். கடைசியில், போனை வைத்தாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், அவளே ஊர்ப் பேச்சில் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மகனே?"

ஒந்தீனா போனை அணைத்தாள்.

புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று டெரிக் பரோஸ் சொல்லியிருந்தான். எழுதிக் கொடுத்தார்கள். பதில் வர நாளாகும் என்றார்கள். அபராதம் கட்டுவதா, மீன் இறக்குவதா என்று பெலர்மீனா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மூன்றாவது ஃப்ரீசரின் செருகியைப் பிடுங்கினாள். அதிலிருந்த மீனை மற்ற இரண்டிலும் திணித்தாள். கொள்ளாததை வெட்டி, வாசலில் பாதி விலைக்கு வைத்தாள். பெதோரு வீட்டுக்குச் சும்மா கொடுத்தனுப்பினாள். அவன் திருப்பி அனுப்பவில்லை, நன்றியும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் ஒந்தீனா வேலைமுடிந்து கோட்டைக் கழற்றாமலே கடைக்குள் வந்து நின்றாள்.

"மேல சூடு போடலையா?" என்றாள் பெலர்மீனா.

"திரும்பச் சேந்திருக்கேன். மீட்டர் எடுத்து வெலை மாறுற வரைக்கும் போடுறதில்லைன்னு வச்சிருக்கேன். கம்பளி இருக்கு." குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கு நெலவறைப் படில டார்ச்சோட நின்னீங்களே. நான் திருடுறேன்னுதானே?"

பெலர்மீனா கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கத்தியையே மறுபடியும் கழுவினாள்.

"ஆமா" என்றாள்.

ஒந்தீனா தலையாட்டினாள். "என்னைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அமாதேயுவச் சந்தேகப்பட்டிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்காது."

ஓடுகிற இரண்டு ஃப்ரீசர்களுக்கும் பின்னால், சுவரோரம் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. மோட்டார் ஊதும் வெதுவெதுப்பான காற்று அங்கேதான் வரும். பெலர்மீனா இரண்டு மீன்பெட்டிகளைக் கவிழ்த்து அங்கே போட்டாள். கோட்டும் குல்லாவுமாக இருவரும் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் கம்பிவலைக்கு நேரே கால்களை நீட்டிக்கொண்டார்கள். எதிரே மூன்றாவது ஃப்ரீசர் மூடி விழாமல் மரச்சட்டுவத்தை முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்தது. அதன் அடியில் தேங்கிய தண்ணீர் மீன்வாடையோடு மெல்லத் தரையில் பரவி வந்தது.